யாரும் படிக்காத இணைப்பு

பூஜ்யம் என்று எழுதும்போது மூன்று பேரில் ஒருவருக்குக்கூடக் கை கூசவில்லை. முப்பதுக்குப் பூஜ்யம், முப்பதுக்குப் பூஜ்யம், முப்பதுக்குப் பூஜ்யம். மூன்றாமவர் பொழுது போகாமல் அந்தப் பூஜ்யத்துக்குக் கண், மூக்கு வேறு வைத்திருந்தார்.

நான் வேலை பார்ப்பது மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில். ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான் இயக்குநர். விண்ணப்பங்கள் வரும். வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் மதிப்பெண் போடுவார்கள். பிறகு குழு கூடி முடிவெடுக்கும். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் ஒரே ஒரு கேள்விக்கு: 'இதில் புதிது என்ன?' அதில் பத்துக்குக் கீழே வாங்கினால், மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் விண்ணப்பம் குழுவுக்கே வராது. கணினியே கழித்துக் கட்டிவிடும்.

பூஜ்யம் வாங்கியவர் ஒரு மருத்துவமனையின் தலைமை நர்ஸ். அந்தக் கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில் இது: "புதிதாக எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுகாதாரத் துறைக் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் அதைச் செய்வதில்லை. செய்வதற்கு அனுமதியும் ஆளும் வேண்டும்."

படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தை எழுதியது நான்.

என் கதையில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. முதல் பதினெட்டு வருடம் ஆய்வகத்தில் எலிக்குட்டிகளோடு போனது. பிறந்த உயிர் தன்னை எப்படிச் சூடாக வைத்துக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. தோள்பட்டைகளுக்கு நடுவே ஒருவகைப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதுதான் பச்சைக் குழந்தையின் அடுப்பு. எடை குறைந்த குழந்தைக்கு அந்த அடுப்பில் விறகு கம்மி. இதற்காக எனக்குப் பதக்கம் கொடுத்த கூட்டத்தில் ஒரு குழந்தை மருத்துவர் எழுந்து, "எல்லாம் சரிங்க, இது தெரிஞ்சு நாளைக்குக் காலைல நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார். மேடையில் பதக்கத்தோடு பேந்தப் பேந்த விழித்தேன். அந்த விழிப்புதான் என்னைச் சுகாதாரத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே பதினொரு வருடம். ஆலோசகர் என்று பெயர், ஒப்புக்குச் சப்பாணி என்று அர்த்தம். அந்தப் பதினொரு வருடத்தில் நான் சாதித்தது கையேட்டில் ஒரு பக்கம். பிறந்ததும் குழந்தையை நன்றாகத் துடைத்து, தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்தே வார்டுக்குக் கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை அச்சில் கொண்டுவர நான்கு வருடம் ஆனது. நடுவில் இரண்டு முறை 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று தூக்கிவிட்டார்கள். கடைசியில் அச்சாகி எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. ஒரு மருத்துவமனையில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "கதவு ஆடாம நிக்குதுல்ல? அப்ப உன் புத்தகம் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியவரும் அவர்தான். அவரையும் அச்சகத்துக்காரரையும் தவிர அதை யாரும் படித்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் அறக்கட்டளைக்கு வந்தேன். அதன் தலைவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் மூடிக்காரர் என்று சொல்வோம். பாட்டில் மூடியின் திருகை அரைச் சுற்று குறைத்து, அதில் மிச்சமான பிளாஸ்டிக்கிலேயே பெரிய ஆளானவர். நல்ல மனுஷன். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் எங்கோ ஓர் அரைச் சுற்றுப் பாக்கி இருக்கிறது என்று மனதார நம்புகிறவர். நான் வந்த புதிதில் அதே ஆறு பேராசிரியர்கள், அதே விண்ணப்பத்தில் வருடத்தை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் 'இதில் புதிது என்ன?' என்ற கேள்வியை எழுதிப் படிவத்தின் தலையில் வைத்தேன். மூடிக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், வரவேற்பறையில் பித்தளை எழுத்தில் பதித்துவிட்டார். பேனாவில், பையில், குடையில்கூட அதுதான்.

பூஜ்ய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சார், இத குழுவுக்குக் கொண்டு வரணும்."

"மார்க் எவ்வளவு மேடம்?"

"மத்ததுல நல்ல மார்க். புதுமைல மட்டும் பூஜ்யம்."

"பூஜ்யமா?" சிரித்தார். "ரூல் நீங்க போட்டதுதானே? நான் அஞ்சு மார்க் போதும்னு சொன்னேன். நீங்கதான் பத்து இல்லன்னா வெளிய போன்னு டேபிள தட்டினீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, காபி கொட்டிடுச்சு."

கொட்டியது உண்மைதான்.

"சின்னதா ஏதாவது புதுசு சேத்து மறுபடியும் அனுப்பச் சொல்லுங்க. நான் என்ன, அரைச் சுத்துதானே மாத்தினேன்?"

அந்த மருத்துவமனை ஆறு மணி நேரப் பஸ் பயணம். பிரசவ அறை பழைய கட்டடத்தில், குழந்தைகள் வார்டு புதுக் கட்டடத்தில். இரண்டையும் இணைப்பது ஒரு நடைவழி. மேலே தகரக் கூரை உண்டு, ஒரு பக்கம் சுவர் கிடையாது. நீளம் அறுபத்திரண்டு எட்டு. நான் நடந்து எண்ணினேன். மதிய வெயிலிலும் அங்கே காற்று காதை அறைந்தது.

தலைமை நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையான உருவம். கடிகாரத்தைக் கையில் கட்டாமல் சட்டையில் ஊக்கால் குத்தியிருந்தார். மேஜையில் ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்து வைத்தார்.

"நூத்தி நாப்பது குழந்தைங்க மேடம். வார்டு வாசல்ல நின்னு தெர்மாமீட்டர்ல நானே அளந்தேன். அதுல எம்பத்திமூணு சில்லுனு வந்துச்சு. அந்த எம்பத்திமூணுல ஒம்பது வீட்டுக்குப் போகல." நோட்டை மூடினார். "எல்லாமே குளிராலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது ஒண்ணத்தான் நம்மால நிறுத்த முடியும்."

"நீங்களே செஞ்சிடக் கூடாதா, சிஸ்டர்?"

"தாயையும் பிள்ளையையும் ஒண்ணா தள்ளிட்டுப் போனா விழுந்துடும்னு பெரிய டாக்டர் பயப்படுறாரு. இப்ப இருக்கிற ஸ்ட்ரெச்சர் குறுகல், அவரு பயமும் நியாயம்தான். அகல ஸ்ட்ரெச்சர் வேணும், தள்ள ஆள் வேணும், குல்லாய் வேணும். ஆராய்ச்சின்னு மேலருந்து ஒரு கடிதம் வந்தா சரின்னுடுவாரு."

"அந்தக் கையேடு உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"ஸ்டோர் ரூம்ல கட்டுப் பிரிக்காம கிடந்துச்சு. அந்தப் பக்கத்த எழுதினவங்க நிறையப் பச்சைக் குழந்தைங்கள தூக்கியிருப்பாங்க போல. படிச்சாலே தெரியுது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வாழ்நாளில் தூக்கியதெல்லாம் எலிக்குட்டிகள்தான். ஆனால் ஒன்று முடிவு செய்துகொண்டேன். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம்கூட இல்லை. அதற்குள் இந்த ஒரு நடைவழியிலாவது நாற்பத்தொன்றாம் பக்கம் நடந்தாக வேண்டும்.

"சிஸ்டர், ஒரு கருவி சேத்துக்கலாம். குழந்தை கால்ல கட்டுற பட்டை. சூட்ட அளந்து டேப்லெட்டுக்கு அனுப்பும்."

"எதுக்கு மேடம்? கைய வச்சுப் பாத்தா தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே."

கொஞ்சம் யோசித்தார். "பட்டையும் வரும், ஸ்ட்ரெச்சரும் வரும், குல்லாயும் வரும். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பட்டைக்கு மதிப்பெண் கொட்டியது. இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தெட்டு. போன தடவை பூஜ்யத்துக்குக் கண், மூக்கு வைத்தவர்தான் இருபத்தெட்டு போட்டவர். குழுவில் எங்கள் புள்ளியியல் பேராசிரியர் பூரித்துப் போனார். எதைச் சொன்னாலும் இரண்டு தசமம் வரை கேட்பார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் தசமப்புள்ளி என்று பெயர். மூடிக்காரரும் தலையை ஆட்டினார். பிறகு செலவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரெச்சர், துணி, ஆளு... இதெல்லாம் ஆராய்ச்சி இல்லையே மேடம்? ஆஸ்பத்திரி வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றார்.

அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதம் போனால் போதும், பெரிய டாக்டர் சம்மதிப்பார், ஸ்ட்ரெச்சருக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தபோது ஒரு மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதன் பின்னால் ஏழு இணைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, டாக்சியில் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாநாட்டில் என் பேச்சின் தலைப்பு, 'கொள்கை நோயாளியின் படுக்கைக்குப் போய்ச் சேர்வது எப்படி?' கைதட்டல் பலமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை நர்ஸ் போன் செய்தார்.

"மேடம், இணைப்பு மூணுல ஒண்ணு எழுதியிருக்கு. அதப் பத்தி..."

"நான் மீட்டிங்ல இருக்கேன் சிஸ்டர். அதுல இருக்கிறபடியே செய்யுங்க. அப்பதான் அடுத்த வருஷம் மத்த இடத்துக்கும் கொண்டு போக முடியும்."

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடியும் அங்கே போனேன். மாதா மாதம் அறிக்கை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் போகத் தோன்றவில்லை. அறிக்கை ஒழுங்காக வந்தால் வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்று நினைப்பது எங்கள் தொழிலின் வியாதி.

நடைவழியின் தரையில் மூன்று மஞ்சள் வட்டங்கள் போட்டிருந்தார்கள். பிரசவ அறை வாசலில் ஒன்று, சரியாக நடுவில் ஒன்று, வார்டு வாசலில் ஒன்று. முதல் வட்டத்தில் தலைமை நர்ஸ் கையில் ஒரு குழந்தையோடு அசையாமல் நின்றிருந்தார். குழந்தையின் காலில் பட்டை, சுற்றி ஒற்றைத் துணி. பக்கத்தில் ஸ்டாண்டில் டேப்லெட்.

"என்ன சிஸ்டர் இது வட்டம்?"

"இணைப்பு மூணு மேடம். மூணு இடத்துல நின்னு அளக்கணும். பச்சை விளக்கு வந்தாதான் நகரணும்." பச்சை விளக்கு வந்தது. நடு வட்டத்துக்கு நடந்தார், நானும் கூடவே போனேன். ஸ்டாண்டும் உருண்டு வந்தது. மறுபடியும் நின்றார். காற்று அவர் தலைமுடியைக் கலைத்தது. டேப்லெட்டில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இங்கதான் சிக்னல் கிடைக்காது. கொஞ்சம் நேரமாகும்."

"குழந்தையோட அம்மா எங்க?"

"பின்னாடி வருவாங்க. அம்மா மேல போட்டா அவங்க சூடு கலந்து அளவு தப்பாயிடும்னு போட்டிருக்கு. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஒரு துணிதான் சுத்தணும்னும் போட்டிருக்கு."

என் நாற்பத்தொன்றாம் பக்கத்தை என் கையெழுத்தே தடை செய்திருந்தது. முன்பு ஒரு நிமிடத்தில் கடந்த அறுபத்திரண்டு எட்டை இப்போது ஏழு நிமிடத்தில் கடக்கிறார்கள்.

"எனக்கு ஏன் சொல்லல, சிஸ்டர்?"

"சொன்னேனே மேடம், போன்ல. அதுல இருக்கிறபடியே செய்யச் சொன்னீங்க." அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இது நானூத்திப் பன்னெண்டாவது குழந்தை. ஒண்ணுகூட விட்டுப் போகல. முன்னாடி எனக்குத் தெர்மாமீட்டர் காட்டுற அளவுக்குத்தான் தெரியும். இப்ப எவ்வளவு சில்லுன்னு ரெண்டு புள்ளி வரைக்கும் தெரியுது."

துணிக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். விடியற்காலைத் தண்ணீர்க் குழாயைத் தொட்ட மாதிரி இருந்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பட்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்தேன். டேப்லெட் வீல் என்று அலறியது. குழந்தை அலறவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"குடுங்க சிஸ்டர்."

"மேடம், பதிவு விட்டுப் போகும்."

"போகட்டும். குடுங்க."

சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்து மேலே மூடிக்கொண்டேன். ஒன்றே முக்கால் கிலோ. அறுபது வயதில் முதல் தடவையாக ஒரு பச்சைக் குழந்தை என் மேல் மூச்சு விட்டது. தலைமை நர்ஸ் சட்டைப் பையிலிருந்து சிறிய துணிப் பை ஒன்றை எடுத்து அதன் தலையில் மாட்டினார். மெத்தென்ற ஃபிளானல். நெற்றியில் 'இதில் புதிது என்ன?' என்று அச்சடித்திருந்தது.

மீதி முப்பத்தோரு எட்டையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். வார்டில் அனல் விளக்கின் அடியில் படுக்க வைத்து, வெகு நேரம் கழித்துச் சாதாரணத் தெர்மாமீட்டரில் பார்த்தோம். முப்பத்தாறு புள்ளி ஆறு, சரியான சூடு. குழந்தை அப்போதுதான் வாயைத் திறந்து கத்தியது. தலைமை நர்ஸ் சிரித்தார்.

"என்ன பை இது?" என்று கேட்டேன்.

"பட்டை வந்த பைதான் மேடம். பத்து பட்டை, பத்து பை. பட்டைய டப்பால போட்டுட்டேன், பைய தோய்ச்சுத் தோய்ச்சு ரொம்பச் சின்னக் குழந்தைங்களுக்குப் போடுறேன். குல்லாய் போடக் கூடாதுன்னு இணைப்புல எங்கயும் இல்ல. ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன்."

அடுத்த மாதம் குழு கூடியது. தசமப்புள்ளி திரையில் வரைபடம் காட்டினார். நான் போன நாளோடு முடிந்த ஒரு வருடக் கணக்கில், நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று, தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு ஆறு சதவீதம். இப்படி ஒரு முழுமையான பதிவைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார்.

"குழந்தைங்க முன்னைவிடச் சில்லுனு போய்ச் சேருது" என்றேன். "அவங்க நோட்டுல இருக்கிற சராசரியப் பாருங்க, இதப் பாருங்க."

"அதான் மேடம் இதோட சிறப்பே" என்றார் அவர். "குளிர் இவ்வளவு இருக்குன்னு யாருக்கும் இத்தன துல்லியமா தெரியாது. இனிமே தெரியும்."

மூடிக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒண்ணு ஏன் விட்டுப் போச்சு?"

"நான்தான் பட்டைய அவுத்தேன் சார். வட்டத்துல நிக்காம நெஞ்சுல போட்டுத் தூக்கிட்டுப் போனேன். நானூத்திப் பன்னெண்டுல நான் கண்ணால பாத்து, சூடேறினது அந்த ஒண்ணுதான்."

மூடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். தசமப்புள்ளி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்.

"விதி ஒன்பது சார். ஒரு ஆய்வுல நேரடியா கை வச்சவங்க அந்த ஆய்வப் பத்தி விவாதிக்கவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது."

விதி ஒன்பது என்னுடையது. முதல் வருடத்தில், அதே ஆறு பேராசிரியர்களுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியது. கத்தினேன். அந்த வட்டங்களை அழியுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். மேஜையைத் தட்டியதில் இந்தத் தடவையும் காபி கொட்டியது.

"மேடம், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் மூடிக்காரர். உண்மையிலேயே கஷ்டப்பட்டார், முகத்தில் தெரிந்தது. "வட்டத்தப் பத்தி அடுத்த கட்டத்துல பாக்கலாம். இப்பக் கொஞ்சம் வெளிய உக்காருங்க."

வரவேற்பறையில் பித்தளை எழுத்துகளுக்குக் கீழே ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது மருத்துவமனைகளுக்கு ஒப்புதல். நானூற்றுப் பன்னிரண்டாவது குழந்தை நெறிமுறை மீறல் என்று நீக்கப்பட்டது.

வீட்டில் வீட்டுக்காரர் தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னேன். படிவத்தைக் கொளுத்த வேண்டும் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. அந்த மூணாவது இணைப்ப நீ ஏன் படிக்காம கையெழுத்துப் போட்ட?"

"இணைப்பெல்லாம் யாருங்க படிப்பாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "சாப்பிடு, ஆறிடும்" என்றார் அவர்.

எனக்கு ஓட்டுதான் இல்லை. ஒப்பந்தத்தை எழுதிக் கொடுக்கும் வேலை இன்னும் என்னுடையதுதான். மூன்றாம் இணைப்பைத் தசமப்புள்ளி எழுதி அனுப்பினார், அதில் நான் கை வைக்க முடியாது. ஆறாம் இணைப்பு, பொருட்களை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றியது. அதை எழுத ஒருவரும் முன்வரவில்லை. நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

ஒவ்வொரு பட்டையும் ஒரு துணிப் பையில் வர வேண்டும். இரட்டை அடுக்கு ஃபிளானல், வாய்ச் சுற்றளவு முப்பத்துநான்கு சென்டிமீட்டர், ஓரத்தில் மென்மையான மீள்பட்டி (எலாஸ்டிக்). தொற்றுத் தடுப்பை முன்னிட்டு ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய பை. பட்டையைத் துடைக்க, குழந்தை ஒன்றுக்கு மூன்று தடித்த பருத்தித் துணிகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம். டேப்லெட்டையும் பட்டைகளையும் கொண்டு செல்ல ஒரு தள்ளுவண்டி: நீளம் ஆறரை அடி, அகலம் மூன்றடி, இரு பக்கமும் தடுப்புக் கம்பி, மேலே மெத்தை, நூற்றைம்பது கிலோ தாங்க வேண்டும். கைக்கு அடக்கமான ஒரு டேப்லெட்டுக்கு எதற்கு மெத்தை என்று யாராவது கேட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். தசமப்புள்ளி மூன்றாம் இணைப்பை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார். மூடிக்காரர் ஏழிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடம் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று வயிறெரிந்தவளுக்கு, அன்றுதான் யாரும் படிக்காதது இனித்தது.

மூன்று மாதம் கழித்து, பொருட்கள் போய்ச் சேர்ந்த அன்று தலைமை நர்ஸ் அழைத்தார்.

"மேடம், இணைப்பு ஆறு படிச்சேன்." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்த வண்டில ஆள் படுக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல சிஸ்டர். ரெண்டு தடவ படிச்சுப் பாருங்க."

"பாத்துட்டேன். பெரிய டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். அகலம் போதும்னுட்டாரு. வட்டத்துல மூணு நிமிஷம் நிக்கிறப்ப அம்மா மேலயே ஒரு குழந்தைய வச்சிருந்தோம். அளவு தப்பா வந்துச்சுன்னு டேப்லெட் கத்துச்சு. கத்தட்டும்னு விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும் மேடம். எனக்கு இது குல்லாய்னு தெரியும். மத்த முப்பத்தொம்பது இடத்துல யாரு சொல்லுவாங்க?"

மேடையில் பதக்கத்தோடு விழித்தது போலவே விழித்தேன். முப்பத்தொன்பது இடங்களில் அந்தப் பைகளுக்குள் பட்டையைப் போட்டு, மெத்தை வண்டியில் டேப்லெட்டைப் படுக்க வைத்து, பக்கத்தில் குழந்தையைக் காற்றில் தூக்கிக்கொண்டு வட்டத்தில் நிற்பார்கள். எழுதியது நான். அவர்கள் எழுதியிருக்கிறபடியே செய்வார்கள்.

"நான் சொல்றேன் சிஸ்டர்" என்றேன்.

பட்டியலை எடுத்து முதல் மருத்துவமனையை அழைத்தேன். நெடுநேரம் மணி அடித்த பிறகு அங்கிருக்கும் தலைமை நர்ஸ் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் குரலில் மரியாதை வந்தது.

"மேடம், பொருளெல்லாம் பத்திரமா வந்துடுச்சு."

"நல்லதுங்க. அந்த இணைப்பு ஆறுல ஒரு விஷயம் இருக்கு. அந்தப் பை..."

"மேடம், தப்பா நினைக்காதீங்க, நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன்" என்றார். "கவலையே படாதீங்க. அதுல இருக்கிறபடியே செஞ்சிடறோம்."

வைத்துவிட்டார். மறுபடியும் அதே எண்ணை அழுத்தினேன்.